துப்பாக்கி "டொக்" என்றது!

வெள்ளைக் கோட்டின் மேல் விரலை ஊன்றி ஆறு பிள்ளைகள் குனிந்திருக்கிறார்கள். மைதானத்தைச் சுற்றி நிற்கும் கூட்டம் மூச்சு விடவில்லை.

"ஆன் யுவர் மார்க்... செட்!" என்கிறார் பி.டி. வாத்தியார். கை உயர்கிறது. கையில் துப்பாக்கி.

"டொக்!"

வெடிக்கவில்லை!

மூன்று பேர் ஓடிவிட்டார்கள். இரண்டு பேர் நிமிர்ந்து நின்று வாத்தியாரின் முகத்தைப் பார்க்கிறார்கள். ஒருவன் பாதி எழுந்து, தடுமாறி விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். கூட்டம் சிரிக்கிறது.

மாரண்டஹள்ளி முதல் மார்த்தாண்டம் வரை பள்ளிக்கூட மைதானங்களில் இது புதிய காட்சி அல்ல. பார்ப்பவர்களுக்கு வேடிக்கை. குனிந்திருந்த பிள்ளைக்கோ அது வேடிக்கை இல்லை. ஓடிவிட்ட மூன்று பேரும் பாதித் தூரம் போய்த் திரும்பி வரவேண்டும். மூச்சு இரைக்கும். உடனே மறுபடி குனிய வேண்டும். அந்த ஓட்டத்தில் எடுக்கும் நேரம்தான் அவர்களுடைய அந்த வருஷத்துக் கணக்கு.

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முதலில் குறுவட்டப் போட்டி. அதில் தேறினால் மாவட்டம். மாவட்டத்தில் தேறினால் மாநிலம். அங்கே வாங்கும் சான்றிதழ், பிற்பாடு கல்லூரியிலோ வேலையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம் வாங்கித் தரலாம். இந்தப் படிக்கட்டில் முதல் படி, ஊர் மைதானத்துச் சுண்ணாம்புக் கோடு. அந்தக் கோட்டில் எல்லோரையும் ஒரே சமயத்தில் கிளப்பிவிடுகிற வேலை ஒரு சின்னத் துப்பாக்கியிடம் இருக்கிறது!

அது வருஷத்தில் 360 நாளும் பீரோவுக்குள் தூங்குகிற சாமான். அதைப் பழுது பார்ப்பது எப்படி? அதிகச் செலவு இல்லாமல் ஒரு விளையாட்டு விழாவை நடத்துவது எப்படி? இது வாத்தியார்களுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. ஓடுகிற பிள்ளையைப் பெற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

கண் முந்தும், காது பிந்தும்

மாரண்டஹள்ளி, தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு தாலுக்காவைச் சேர்ந்த ஊர். சேலத்திலிருந்து தர்மபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. பக்கத்தில் பஞ்சப்பள்ளி, அங்கே சின்னாற்றின் மேல் அணை. "ஹள்ளி" என்றால் கன்னடத்தில் ஊர் என்று பொருள். பெயரே எல்லைப்புறத்து ஊர் என்று சொல்லிவிடுகிறது.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியின் சூட்சுமத்தைப் புரியவைக்க ஆற்றங்கரையே போதும். எதிர்க்கரையில் ஒருவர் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருப்பார். துணி கல்லில் விழுவது முதலில் கண்ணுக்குத் தெரியும். "பட்" என்ற சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். மின்னலும் இடியும் அப்படித்தானே?

சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. வெளிச்சத்துக்கு அந்தத் தாமதம் கிடையாது. கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடும்.

100 மீட்டர் பந்தயத்தில் கடிகாரம் பிடிப்பவர்கள் முடிகிற இடத்தில் நிற்கிறார்கள். துப்பாக்கி வெடிப்பதோ 100 மீட்டருக்கு அப்பால். சத்தம் காதுக்கு வந்து சேர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். ஆகவே சத்தத்தைக் கேட்டுக் கடிகாரத்தை அழுத்துபவர் தாமதமாக அழுத்துகிறார். புகையைப் பார்த்து அழுத்துபவரே சரியாக அழுத்துகிறார்.

"0.3 விநாடிதானே!" என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு கணக்கு பாருங்கள்.

இரண்டு தகுதி ஓட்டங்கள் நடக்கின்றன. இறுதி ஓட்டத்தில் ஓர் இடம் மிச்சம். நேரத்தைப் பார்த்து அந்த இடத்தைக் கொடுக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் ஒரு பெண் 14.4 விநாடியில் ஓடுகிறாள். கடிகாரக்காரர் புகையைப் பார்த்தவர், 14.4 என்றே எழுதுகிறார். இரண்டாவது ஓட்டத்தில் இன்னொரு பெண் 14.6 விநாடியில் ஓடுகிறாள். அங்கே கடிகாரம் பிடித்தவர் சத்தத்தைக் கேட்டு அழுத்தியவர். அவர் சீட்டில் 14.3 என்று இருக்கிறது!

வேகமாக ஓடிய பெண் வெளியே நிற்கிறாள். மெதுவாக ஓடியவள் இறுதி ஓட்டத்துக்குப் போகிறாள். யாரும் ஏமாற்றவில்லை. யாருக்கும் தெரியவும் தெரியாது. தப்பு நடந்துவிட்டது.

துப்பாக்கி எதற்கு என்று இப்போது விளங்கும். பிள்ளைகள் காதில் விழ ஒரு சத்தம். தூரத்தில் இருப்பவர் கண்ணில் பட ஒரு புகை. இரண்டும் ஒரே கணத்தில் வரவேண்டும். ரயிலைக் கிளப்பும் கார்டு விசிலும் ஊதிப் பச்சைக் கொடியும் காட்டுகிறார் அல்லவா? அதே காரியம்தான்.

விசிலில் என்ன குறை?

பல பள்ளிக்கூடங்களில் விசிலோடு காரியத்தை முடித்துவிடுகிறார்கள். காசு மிச்சம்தான். ஆனால் விசிலுக்குப் புகை இல்லை. அதோடு, விசில் ஊதுவதற்கு முன் மூச்சு இழுக்க வேண்டும். வாத்தியாரின் கன்னம் உப்புவதைப் பார்த்தே கிளம்பிவிடும் கெட்டிக்காரப் பையன்கள் எல்லா ஊரிலும் உண்டு!

இன்னொரு குறையும் இருக்கிறது. வருஷம் முழுவதும் விசிலுக்கே ஓடிப் பழகிய பிள்ளை, குறுவட்டப் போட்டியில் முதல் முதலாகத் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்கிறது. மற்றவர்கள் ஓடுகிறார்கள். இது திடுக்கிட்டு நிற்கிறது. பள்ளிக்கூடம் மிச்சம் பிடித்த காசை அந்தப் பிள்ளை கட்டுகிறது.

விசிலை அடியோடு தள்ளவும் வேண்டாம். 800, 1500 மீட்டர் போன்ற நீண்ட ஓட்டங்களில் கால் விநாடியால் பெரும்பாலும் ஒன்றும் ஆகிவிடாது. விசிலும் சிவப்புக் கொடியும் போதும். யாராவது முந்திக் கிளம்பினால் எல்லோரையும் திரும்பக் கூப்பிடுவதற்கும் விசிலே போதும். பெரிய போட்டிகளில் அதற்கு இரண்டாவது வெடி போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த வெடி மிச்சம்.

மிச்சத்தின் அருமை கணக்குப் போட்டால் தெரியும். மாணவர், மாணவியர் என்று இரண்டு. 14, 17, 19 வயது என்று ஒவ்வொன்றிலும் மூன்று பிரிவு. மொத்தம் ஆறு. ஒவ்வொன்றிலும் நாலு தகுதி ஓட்டமும் ஓர் இறுதி ஓட்டமும் என்றால், 100 மீட்டருக்கு மட்டுமே 30 வெடி! 200, 400, தொடர் ஓட்டம் எல்லாம் சேர்ந்தால் நூறு தாண்டிவிடும்.

உப்பு செய்கிற வேலை

பள்ளிக்கூடங்களில் இருப்பது பெரும்பாலும் பொட்டு வெடி வைத்துச் சுடுகிற துப்பாக்கி. தீபாவளிக்குச் சிவகாசியிலிருந்து வருகிறதே, அதே பொட்டு வெடிதான். சுருளாக வருவது உண்டு. எட்டு வெடி கொண்ட பிளாஸ்டிக் வளையமாக வருவதும் உண்டு.

போன வருஷம் நன்றாக வெடித்த துப்பாக்கி இந்த வருஷம் ஏன் "டொக்" என்கிறது?

பொட்டு வெடியில் பொட்டாசியம் குளோரேட் என்ற மருந்து உண்டு. அது வெடித்த பிறகு பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாக மாறுகிறது. கிட்டத்தட்டச் சமையல் உப்புக்குத் தம்பி! வெடியில் உள்ள சிவப்புப் பாஸ்பரஸ் எரிந்து விடுகிற சாம்பலோ, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துப் புளித்த அமிலமாகிவிடும்.

அடுக்களையில் உப்பு ஜாடிக்குத் தகர மூடி போட்டால் என்ன ஆகும்? நாலு மாதத்தில் துரு அரித்துவிடும். துப்பாக்கிக்குள்ளும் அதுவே நடக்கிறது. விளையாட்டு விழா முடிந்த களைப்பில் அதை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வெடியை அடிக்கிற சுத்தி துருப்பிடிக்கிறது. ஸ்பிரிங் இறுகிப்போகிறது. அடுத்த வருஷம் சுத்தி மெதுவாக விழுகிறது. "டொக்!"

பலர் எண்ணெய் போடுகிறார்கள். எண்ணெய் போட்டும் ஏன் துரு வருகிறது? எண்ணெயில் உப்பு கரையாது! உப்பு தண்ணீரில்தான் கரையும். உப்பின் மேல் எண்ணெய் போட்டால், திருடனை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டின கதைதான்.

முந்தின காலத்துத் துப்பாக்கித் தோட்டாக்களிலும் இதே உப்புத் தொல்லை இருந்தது. .303 துப்பாக்கி வைத்திருந்த பிரிட்டிஷ் ராணுவத்தார், சுட்டு முடித்ததும் குழாயில் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். அதன் பிறகே எண்ணெய். அந்த வழக்கம் பொட்டு வெடித் துப்பாக்கிக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் உள்ளே வெடி எதுவும் மிச்சம் இல்லை என்று நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். பிறகு சூடான தண்ணீர், பழைய பல் தேய்க்கும் பிரஷ். சுத்தியையும், வெடி உட்காரும் தகட்டையும் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். துணியால் துடைத்து, ஈரம் போக நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். அதற்கு மேல் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு.

தேங்காய் எண்ணெய் கூடாது. நாளாக ஆக அது பிசினாகிவிடும். மார்கழிக் குளிரில் புட்டியிலே உறைந்துபோகிற எண்ணெய், துப்பாக்கிக்குள் மட்டும் உருகியா இருக்கும்? மேட்டுநிலமான தர்மபுரிப் பக்கத்தில் குளிர் கொஞ்சம் தூக்கல்.

ஸ்பிரிங் சோர்ந்துபோயிருந்தால் பூட்டு ரிப்பேர் செய்பவரோ தையல் மிஷின் ரிப்பேர் செய்பவரோ வேறு ஸ்பிரிங் பார்த்துப் போட்டுத் தருவார். சில சமயம் துப்பாக்கியில் குற்றமே இராது, வெடி நமுத்துப்போயிருக்கும். தீபாவளிக்கு வாங்கிய வெடியை ஆடி மாதம் வரை வைத்திருக்க வேண்டுமானால், இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் உலர்ந்த அரிசியைப் போட்டு, ஒரு காகிதத்தில் சுற்றி வைப்பது நல்லது. நமுத்த வெடியை அடுப்பருகே காயவைப்பது மகா ஆபத்து. தூக்கி எறியவேண்டியதுதான், அதுவும் ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகு.

விளையாட்டு வினையாகும்

சத்தம் பத்தவில்லை என்று சிலர் தீக்குச்சி மருந்தைச் சுரண்டிப் போடப் பார்ப்பார்கள். கண்ணும் விரலும் போகிற வேலை அது. செய்யவே கூடாது.

குண்டு இல்லாத வெற்றுத் தோட்டா போட்டுச் சுடுகிற உலோகத் துப்பாக்கியும் உண்டு. அது வேறு சாதி. அதைக் கண்ட இடத்தில் கொடுத்துப் பிரிக்கக் கூடாது. துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதற்கே 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் உள்ள கடைக்காரரிடமே போகவேண்டும். அதன் குழாய் அடைத்திருக்கும். அடைப்பைத் துளைத்துவிட்டால் பள்ளிக்கூடத்துச் சாமான் ஆயுதமாகிவிடும். பிறகு வாத்தியார் மைதானத்தில் இருக்க மாட்டார். போலீஸ் ஸ்டேஷனில் இருப்பார்!

"குண்டுதான் இல்லையே" என்ற தைரியமும் ஆகாது. 1984-ல் அமெரிக்காவில் ஜான் எரிக் ஹெக்சம் என்ற இளம் நடிகர், படப்பிடிப்பு இடைவேளையில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாக நெற்றிப் பொட்டில் வைத்து அழுத்தினார். வெடித்த வேகமே மண்டையை உடைத்துவிட்டது. சில நாளில் அவர் இறந்தார்.

பொட்டு வெடித் துப்பாக்கியையும் யாரை நோக்கியும் நீட்டக் கூடாது. கையை நேராக மேலே தூக்கி, காதுக்கு விலக்கிச் சுடவேண்டும். ஒரு நாளில் நூறு வெடி போடுகிற வாத்தியார் காதில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொண்டால் யாரும் கேலி செய்ய மாட்டார்கள்.

இரண்டு பலகை

இவ்வளவு தொல்லையும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல சாமான் இருக்கிறது. கிளாப்பர்! தமிழில் தட்டுப்பலகை என்று சொல்லிவிடலாம்.

சுமார் இரண்டு அடி நீளம், நாலு அங்குல அகலத்தில் இரண்டு பலகைகள். ஒரு முனையில் கதவுக்குப் போடுகிற கீல். முதுகில் ஆளுக்கு ஒரு கைப்பிடி. விரித்து, "பட்" என்று மூடினால் சத்தம் பாய்ந்து போகும். விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். உள்ளூர் ஆசாரியிடம் சொன்னால் கழிவுப் பலகையிலேயே செய்து கொடுத்துவிடுவார். தேக்கோ வேங்கையோ, நன்றாகக் காய்ந்த கெட்டி மரமாக இருக்கவேண்டும். லேசான மரம் "தொப்" என்று சொல்லும். "பட்" என்று சொல்லாது.

சாமர்த்தியம் வர்ணத்தில் இருக்கிறது. உள்பக்கம் வெள்ளை, வெளிப்பக்கம் கறுப்பு. வாத்தியார் தலைக்கு மேல் விரித்துப் பிடித்திருக்கும்போது கடிகாரக்காரர் கண்ணுக்கு வெள்ளை தெரியும். மூடினதும் வெள்ளை மறைந்துவிடும். அந்தக் கணமே கடிகாரத்தை அழுத்தவேண்டும். புகை செய்கிற வேலையைச் சுண்ணாம்பு வெள்ளை செய்துவிடுகிறது!

மருந்து இல்லை, துரு இல்லை, உரிமம் இல்லை. கீலில் திருகாணி தளர்ந்தால் முடுக்கவேண்டும். விரல் நசுங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அவ்வளவுதான். வருஷத்தில் ஒரு நாள் உபயோகத்துக்காக விலை உயர்ந்த துப்பாக்கி வாங்குவதைவிட, நல்ல பலகை செய்துகொண்டு, மிச்சப் பணத்தில் கோடு போடச் சுண்ணாம்பும் பிள்ளைகளுக்கு மோரும் வாங்குவது எவ்வளவோ மேல்.

துப்பாக்கியையே வைத்துக்கொள்கிறவர்களுக்கும் காசில்லாத யுக்திகள் உண்டு. குறுவட்டப் போட்டி பெரும்பாலும் ஆடிக் காற்றில் வந்துவிடும். பொட்டு வெடியின் கொஞ்சம் புகையும் வெள்ளை வானத்துக்கு எதிரே தெரியாது. வகுப்பில் உள்ள கரும்பலகையை எடுத்துவந்து, வாத்தியாரின் உயர்த்திய கைக்குப் பின்னால் உயரமாக நிறுத்தினால் புகை பளிச்சென்று தெரியும். கையில் சிவப்புத் துணி உறை போட்டுக்கொண்டால் கடிகாரக்காரர் கண் அலைய வேண்டாம்.

விழாவுக்கு மைக் செட் வாடகைக்கு எடுப்பது உண்டே! துப்பாக்கி பக்கத்தில் மைக்கை வைத்து, கம்பி இழுத்து, ஒலிபெருக்கியைக் கடிகாரக்காரர் பக்கத்தில் கட்டிவிட்டால், சத்தம் கம்பி வழியாக ஒரே தாவாகத் தாவிவிடும். காற்றில் நடந்துவர வேண்டியதில்லை. கம்பி இல்லாத புளூடூத் பெட்டி இதற்கு உதவாது. அது சற்றுத் தாமதித்துத்தான் பேசும்.

எங்கே நிற்பது?

உலகப் போட்டிகளில் ஓர் ஓட்டப் பாதையின் அகலம் 1.22 மீட்டர். எட்டுப் பாதை சேர்ந்தால் ஏறக்குறைய 10 மீட்டர். வாத்தியார் முதல் பாதையை ஒட்டி நின்று சுட்டால், எட்டாம் பாதைப் பிள்ளைக்குச் சத்தம் 0.03 விநாடி பிந்திக் கேட்கும். 400 மீட்டர் பந்தயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. வளைவுக்காகப் பிள்ளைகளை முன்னும் பின்னுமாக நிறுத்துவார்கள். 400 மீட்டர் மைதானத்தில் எட்டாம் பாதைக்காரர் முதல் பாதைக்காரரைவிட ஏறக்குறைய 53 மீட்டர் முன்னால் நிற்பார்.

எல்லோருக்கும் கிட்டத்தட்டச் சம தூரத்தில், மைதானத்தின் உள்ளே வந்து நிற்க வேண்டும். இதற்குக் காலணா செலவு இல்லை. ஆனால் பல இடங்களில் நிழல் எங்கே இருக்கிறதோ அங்கே நின்று சுடுகிறார்கள்!

ஒலிம்பிக்கிலேயே இந்தக் குறை இருந்தது. ஓடுகிறவர்களுக்குப் பின்னால் ஆளுக்கு ஓர் ஒலிபெருக்கி வைத்துச் சரிசெய்தார்கள். 2010-ல் கனடாவில் வான்கூவரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் மருந்தே இல்லாத மின்னணுத் துப்பாக்கி வந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒரே கணத்தில் அதிலிருந்து வரும். விளக்கும் ஒலியும் தருகிற சிறு கருவிகள் இன்று மின்கலத்திலும் ஓடுகின்றன.

முந்திக் கிளம்புவது மட்டும் எந்தக் காலத்திலும் மன்னிக்கப்படவில்லை. பழைய கிரேக்க நாட்டில் முந்தினவருக்குப் பிரம்படி! இன்று துப்பாக்கி வெடித்து 0.1 விநாடிக்குள் காலை அசைத்தாலே, சத்தத்தைக் கேட்டு ஓடவில்லை, ஊகித்து ஓடினார் என்று வெளியேற்றிவிடுவார்கள். 2011-ல் தென் கொரியாவில் தேகு நகரத்து உலகப் போட்டியில் 100 மீட்டர் இறுதி ஓட்டம். உலகிலேயே வேகமான மனிதரான உசேன் போல்ட் முந்திக் கிளம்பினார். ஓடாமலே வெளியேறினார்.

நம் நாட்டுக் கதை இன்னும் உருக்கமானது. 1984, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிப் பந்தயம். கேரளத்துப் பி.டி. உஷா நன்றாகக் கிளம்பினார். வேறொருவர் முந்திக் கிளம்பியதால் எல்லோரையும் திரும்ப அழைத்தார்கள். மறுபடி கிளம்பியபோது உஷாவின் புறப்பாடு முன்போல் அமையவில்லை. முடிவில் அவர் நேரம் 55.42 விநாடி. மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்மணியின் நேரம் 55.41. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலப் பதக்கம் போயிற்று!

அங்கே துப்பாக்கி பழுதில்லை. பழுதில்லாத துப்பாக்கியிலேயே இரண்டாம் தடவை கிளம்புவது அவ்வளவு கஷ்டம் என்றால், "டொக்" என்ற துப்பாக்கிக்கு மூன்று தடவை குனிந்து எழுகிற பிள்ளையின் பாட்டைக் கேட்க வேண்டுமா?

விழாவுக்கு முந்தின வாரம்

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. விழாவுக்கு முந்தின வாரம் துப்பாக்கியை எடுத்து, பத்து வெடியாவது போட்டுப் பார்க்கவேண்டும். பத்தில் ஒன்று பொய்த்தாலும் அந்தத் துப்பாக்கியை நம்பக் கூடாது. பலகையை எடுத்துக்கொள்வது மேல். ஒருவர் 100 மீட்டர் தள்ளி நின்று புகை தெரிகிறதா என்று சொல்லவேண்டும். அப்படியே கடிகாரம் பிடிக்கப்போகிற வாத்தியார்களையும் வரிசையாக நிறுத்தி, ஒரே வெடிக்கு எல்லோரும் கடிகாரத்தை அழுத்தி, ஒரே கை அசைப்புக்கு நிறுத்திப் பார்க்கலாம். யார் கண்ணால் அழுத்துகிறார், யார் காதால் அழுத்துகிறார் என்பது அப்போதே வெளிச்சமாகிவிடும்! வேண்டிய கடிகாரம் மூன்று இருந்தால் முதல் இடத்துக்கு மூன்றையும் போட்டு, நடுவில் வருகிற நேரத்தை எடுத்துக்கொள்வது முறை.

அந்தப் பத்து வெடியையும் வெறுமனே போடவேண்டியதில்லை. குறுவட்டத்துக்குப் போகிற பிள்ளைகளைக் கோட்டில் குனியவைத்தே போடலாம். முதல் வெடிக்குப் பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள். இரண்டாவது வெடிக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஐந்தாவது வெடிக்கு ஓட ஆரம்பித்துவிடுவார்கள்.

விழா முடிந்த அன்று மாலை, கொட்டகைக் கம்பம் பிடுங்குவதற்கு முன்னால், ஒரு சொம்பு வெந்நீர் வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உப்பு அன்றிரவே வேலையை ஆரம்பித்துவிடும்.